பயிற்சி விமானமாம், பயிற்சி!

வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டிருக்கோம். அதனாலதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கமே வரலை. கம்ப்யூட்டர் மேல பழைய வேட்டியைப் போத்தி மூலையில தள்ளி வெச்சிருந்தேன். இன்னிக்கு அந்த வேட்டியை எடுத்துப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்னா, காரணம் முந்தாநாள் காதில் விழுந்த ஒரே ஒரு வாக்கியம்.

பெயின்ட் அடிக்கிறவர் அடிஅண்ணாமலை பக்கத்து முகாமிலிருந்து வருகிறவர். 1990ல் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்து, மண்டபத்தில் இறங்கி, அங்கிருந்து எங்க ஊருக்கு அனுப்பப்பட்டவர். இப்போ அறுபது வயசு இருக்கும். அண்ணாமலையார் மலையைச் சுத்தி வருகிற ஜனங்களுக்கு அந்த முகாம் இருப்பதே தெரியாது. கிரிவலப் பாதையில் பொங்கலும் மோரும் வாங்கிக் குடிச்சுட்டு நடையைக் கட்டிடுவாங்க. நானும் பல வருஷம் அப்படித்தான் நடந்திருக்கேன், அதனால பெரிசா யாரையும் குத்தம் சொல்லலை.

என் அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். என்னை மாதிரியே விமானப் பைத்தியம். (பரம்பரை வியாதி!) ஹால்ல உட்கார்ந்து செல்போன்ல ஏதோ வீடியோ பார்த்துக்கிட்டிருந்தவன், "மாமா, செம பீஸ் மாமா இது"ன்னு காட்டினான். சின்ன விமானம். இறக்கை நுனியில் பெட்ரோல் டாங்க், இறக்கைக்கு அடியில் ராக்கெட் குழாய். பட்டி பார்த்துக்கிட்டிருந்த அண்ணன் ஏணியில் நின்னபடியே எட்டிப் பார்த்தார்.

"உது சியாமாசெட்டியெல்லே?"

"இல்லண்ணே, இது எஸ்.எஃப்.260. இத்தாலிக்காரன் செஞ்சது. ட்ரெய்னர் ஏர்கிராஃப்ட். பைலட்டுங்க பழகுற வண்டி."

"ஓம் தம்பி. எங்களிலதான் பழகினவங்கள்."

சொல்லிட்டு அவர் பாட்டுக்குத் திரும்பிப் பட்டி பார்க்க ஆரம்பிச்சுட்டார். பையன் என்னைப் பார்த்தான், நான் சுவரைப் பார்த்தேன்.

சியாமாசெட்டின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: சியாய் மார்க்கெட்டி என்பது அந்த இத்தாலியக் கம்பெனியின் பெயர். யாழ்ப்பாணத்து வாயில் அது சியாமாசெட்டி ஆயிடுச்சு. ஒரு ஊர் ஜனம் ஒரு விமானத்துக்கு வீட்டுப்பெயர் மாதிரி பெயர் வைக்குதுன்னா, அது எத்தனை தடவை தலைக்கு மேல வந்து போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நாம பஸ்ஸுக்கு வைக்கிறோம், யானைக்கு வைக்கிறோம். அவங்க குண்டு போடுகிறதுக்கு வெச்சாங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். 

நம்மாளுங்கள்ல விமானத்தைப் பத்தி எழுதுறவங்க நிறைய பேர். பயிற்சி விமானத்தில் ஆயுதம் பூட்டுவதைப் பத்தி எழுதும்போது எல்லாருக்கும் ஒரே ராகம். "குறைஞ்ச செலவில் நிறைஞ்ச பலன்", "ஏழை நாட்டின் போர் விமானம்", "என்னா ஐடியா பாருங்க". நானும் பாடியிருக்கேன், இல்லைன்னு சொல்லலை. இனிமேல் பாடறதா இல்லை. பயிற்சி விமானம் போர் விமானமாக மாறும் இடத்தில் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, அது யார் மேல் பறக்குதுன்னு பார்க்கணும். அநேகமா அது திருப்பிச் சுட வழியில்லாதவன் மேல்தான் பறக்கும். அதிலும் பாதிக்கு மேல் சொந்த நாட்டுக்காரன் மேலேயே பறக்கும்.

ஏன்னு கேட்டா, அதோட உடம்பு வாகு அப்படி. பயிற்சி விமானம் மெதுவாகப் போகணும், ஏன்னா ஓட்டுறவன் கத்துக்குட்டி. தாழப் பறக்கும்போதும் கையை விட்டுப் போகக் கூடாது. சின்ன ஓடுபாதை போதும், எண்ணெய் கொஞ்சம்தான் குடிக்கும், ரிப்பேர் சுலபம். வாத்தியார் ஒருத்தர், மாணவன் ஒருத்தன்னு ரெண்டு சீட்டு. இதே குணங்களைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. மெதுவாகத் தாழ வந்து, ஒரே இடத்தை ரொம்ப நேரம் வட்டமடிச்சு, தரையில் ஓடுகிற ஆளைப் பார்த்துக் குறி வைக்கலாம். ரெண்டாவது சீட்டில் இருக்கிறவர் குறி பார்த்துச் சொல்லலாம். கீழே ராடார் இல்லை, ஏவுகணை இல்லை, எதிர் விமானம் இல்லைன்னா இதைவிட வசதியான வண்டி கிடையாது. கீழே அதெல்லாம் இருந்தா? அப்போ இதுதான் முதல்ல விழும்.

அதுக்கு நம்ம நாட்டிலேயே உதாரணம் இருக்கு. 1965 செப்டம்பர் 1. சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் உள்ளே வந்துட்டாங்க. ராணுவம் விமான உதவி கேட்குது. சாயங்காலம் பதான்கோட்டிலிருந்து 45ஆவது ஸ்குவாட்ரனின் வாம்பயர்களை அனுப்பினாங்க. வாம்பயர் பிறக்கும்போது போர் விமானம்தான், ஒத்துக்கிறேன். ஆனா 1965க்குள் அது கிழடு தட்டி, இளம் பைலட்டுகள் கை பழகும் வண்டியாகிவிட்டிருந்தது. எதிரில் வந்தது சேபர் ஜெட். அன்னிக்கு மட்டும் நாலு வாம்பயர் விழுந்தது. பகவாகர், ஜோஷி, பரத்வாஜ்னு மூணு ஃப்ளைட் லெப்டினன்ட்டுகள் திரும்பவே இல்லை. பதக் மட்டும் குதித்துத் தப்பிச்சார். அதோட வாம்பயரை முன்னணியிலிருந்து இழுத்துட்டாங்க. அதாவது, எதிரியிடம் விமானப்படை இருந்தா ஒரே நாளில் பாடம் கிடைச்சுடும். எதிரியிடம் பனைமரம் மட்டும் இருந்தா அந்தப் பாடம் வருஷக்கணக்கில் கிடைக்காது.

இப்போ இலங்கைக்கு வர்றேன். இங்கதான் நம்ம ஆளுங்களோட எனக்கு முதல் சண்டை. இலங்கை விமானப்படை பயிற்சி விமானத்தால் அடிச்சதுன்னு பேச்சு வந்தாலே நாம 1980களில் ஆரம்பிக்கிறோம். கதை அங்க ஆரம்பிக்கலை. 1971 ஏப்ரலில் ஆரம்பிக்குது. அடிபட்டவங்க சிங்களப் பையன்கள்.

ஜே.வி.பி.யின் முதல் கிளர்ச்சி. ஏப்ரல் 5ஆம் தேதி நாடு முழுக்க போலீஸ் ஸ்டேஷன்களைத் தாக்கினாங்க. பெரும்பாலும் கிராமத்துப் பசங்க, படிச்சு வேலை கிடைக்காதவங்க, கையில் வேட்டைத் துப்பாக்கியும் நாட்டு வெடிகுண்டும். (அவங்க தலைவர் ரோகண விஜேவீர அப்போ யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார்ங்கிறது சரித்திரத்தோட குசும்பு.) பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க எல்லா நாட்டுக்கும் தந்தி கொடுத்தார். நாம ஹெலிகாப்டரும் கட்டுநாயக்கவுக்குக் காவல் படையும் அனுப்பினோம். பாகிஸ்தானும் ஹெலிகாப்டர் அனுப்பியது. அதே வருஷம் டிசம்பர்ல அடிச்சுக்கப்போற ரெண்டு பேரும் அங்க ஒரே பக்கம்! சோவியத் மிக் விமானங்கள் வந்து சேர்வதுக்கு முன்னாடி, அந்த ஊர் விமானப்படையிடம் குண்டு போட என்ன இருந்தது? ஜெட் ப்ரோவோஸ்ட். பிரிட்டன்காரன் தன் பைலட்டுகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கச் செஞ்ச ஜெட் பயிற்சி விமானம். மூலையில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்துக் காட்டுக்குள் ஒளிஞ்சிருந்த பையன்கள் மேல் அனுப்பினாங்க.

இதில் கவனிக்க வேண்டியது, இலங்கை வாங்கியது சும்மா ஜெட் ப்ரோவோஸ்ட் இல்லை. டி.51ன்னு ஒரு வகை. பிரிட்டிஷ் விமானப்படை ஓட்டினதில் இல்லாத ரெண்டு இயந்திரத் துப்பாக்கி இதில் உண்டு. ஏற்றுமதிக்குன்னே செஞ்சது. வாங்கினவங்க இலங்கை, சூடான், குவைத். தன் பிள்ளைக்கு வெறும் சைக்கிள், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அருவா கட்டின சைக்கிள். ரெண்டுக்கும் பில்லில் ஒரே பெயர், "பயிற்சி".

அந்தக் கிளர்ச்சியில் செத்தவங்க கணக்கு அரசு சொன்னது ஆயிரத்துச் சொச்சம். அதைவிடப் பல மடங்குன்னு சொல்றவங்க இன்னிக்கும் உண்டு. தமிழர் பக்கம் அன்னிக்கு இதைப் பத்தி யாரும் பெரிசா அழலைன்னு நினைக்கிறேன். பதினாலு வருஷம் கழிச்சு அதே விமானப்படை, அதே உத்தியோடு, வேற விமானத்தில் வடக்கே வந்தது. முதல் தடவை சொந்த ஜனத்தின் மேல் பறக்கும்போது வாயை மூடிக்கிட்டிருந்தா, ரெண்டாவது தடவை நம்ம தலைக்கு மேல பறக்கும். யார் சொல்லிக்கொடுத்தது இதை? யாரும் இல்லை, தேதிகளை வரிசையாக வெச்சுப் பார்த்தாலே தெரியுது.

அந்த ரெண்டாவது விமானம்தான் சியாமாசெட்டி. 1985 வாக்கில் வாங்கினது. உடனே "அது ஜெட் இல்லையே, டர்போப்ராப் ஆச்சே"ன்னு கையைத் தூக்காதீங்க. தெரியும். மூக்கில் விசிறி சுத்துகிற வண்டிதான். கீழே நிக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் பரீட்சையில் வரப்போறதில்லை.

நேத்து டீ நேரத்தில் அண்ணன்கிட்ட மெதுவாகக் கேட்டேன். கேட்கலாமா வேண்டாமான்னு எனக்கே தயக்கம். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ரெண்டு வரும். ஒண்டு மேல வட்டமடிச்சுக்கொண்டு நிக்கும், மற்றது பதிஞ்சு வரும். பதியிற சத்தம் ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு வரும் தம்பி. அந்தச் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள. கேக்காட்டியும் பங்கருக்குள்ளதான்." வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டியதையும், மேலே பனங்குத்தி அடுக்கி மண் மூட்டை போட்டதையும், மழைக்காலத்தில் உள்ளே தண்ணி நிக்கும், பாம்பு கிடக்கும் என்பதையும் சொன்னார். சின்னப் பிள்ளைங்க சத்தத்தை வெச்சே இது ஹெலி, இது அவ்ரோ, இது சியாமாசெட்டின்னு பிரிச்சுச் சொல்லுமாம். எங்க பையன் வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டதை அந்தப் பிள்ளைங்க காதால கத்துக்கிட்டிருக்கு.

1987 மே கடைசியில் வடமராட்சியில் நடந்த பெரிய படை நடவடிக்கையில் இந்த விமானங்கள்தான் மேலே. பயணிகள் போகிற அவ்ரோவிலிருந்து பீப்பாய்க் குண்டை உருட்டிவிட்டதும் அந்தக் காலத்தில்தான். ஆக, பைலட் பழகுகிற வண்டியும் பயணி போகிற வண்டியும் சேர்ந்து ஒரு குண்டுவீச்சுப் படை. அந்த வேலைக்குன்னு செஞ்ச பெரிய ஜெட்டான கிஃபிர் வந்து சேர்ந்தது 1996ல். அதுவரைக்கும் பத்து வருஷத்துக்கு மேல, வெளிநாட்டு ஏற்றுமதிப் பட்டியல்களில் "பயிற்சி"ன்னு எழுதப்பட்டதும் அந்த வேலையைச் செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தது.

"கத்தி செஞ்சவன் மேல கேஸ் போடுவீங்களா மாமா?"ன்னு பையன் கேட்டான். நம்மாளுங்களும் இதையே கேட்பீங்கன்னு தெரியும். கறிகாய் நறுக்குற கத்தின்னா போட மாட்டேன். கத்தியோட சேர்த்து இடுப்பில் மறைச்சு வைக்க உறையும், எங்க குத்தினா சீக்கிரம் போகும்னு படமும் கொடுத்தா போடுவேன். இறக்கைக்கு அடியில் குண்டு மாட்டுகிற கொக்கி தற்செயலா முளைக்கிறதில்லை. அந்தக் கொக்கி நிக்க இறக்கை எலும்பைப் பலப்படுத்தணும். காக்பிட்டிலிருந்து அங்கே ஒயர் இழுக்கணும், குறி பார்க்கக் கண்ணாடி வைக்கணும், சுவிட்ச் வைக்கணும். இதே எஸ்.எஃப்.260ல் ஆயுதம் தாங்குகிற ஒரு வகைக்குக் கம்பெனியே வாரியர்னு பெயர் வெச்சது. போர்வீரன்! ரொடீசியாவின் வெள்ளைக்கார அரசு ஐ.நா. தடை இருக்கும்போதே 1977ல் இந்த ஜாதி விமானத்தை எப்படியோ வாங்கிக் கெரில்லாக்கள் மேல் ஓட்டியது. போர் விமானம்னா வாசலிலேயே நிறுத்தியிருப்பான். சின்ன விமானம், பழகுற விமானம்னா வாட்ச்மேன் தூங்குவான். அந்தப் பெயரோட உபயோகமே அதுதான்.

அமெரிக்காக்காரனைப் பாராட்ட எனக்கு ஒண்ணும் ஆசை இல்லை. ஆனா ஒரு விஷயத்தில் அவன் ஒளிக்கலை. டி-37ங்கிற தன் ஜெட் பயிற்சி விமானத்தைப் பிரிச்சு, பெரிய எஞ்சின் வெச்சு, 1967ல் வியட்நாமில் இறக்கினான். இறக்கும்போது ஏ-37ன்னு பெயரை மாத்தினான். 'ஏ'ன்னா தாக்குதல். பொய்யாவது சொல்லலை. (அந்த ஏ-37ல் சிலதை வட வியட்நாம் கைப்பற்றி, 1975 ஏப்ரல் 28ல் சைகோன் விமான தளத்து மேலேயே குண்டு போட்டது தனிக்கதை.)

பொய் சொன்னதுக்கு உதாரணம் வேணுமா? ஹாக். நாமளும் ஓட்டுற அதே பிரிட்டிஷ் ஹாக். 1993ல் இந்தோனேசியா 24 ஹாக் ஆர்டர் கொடுத்தது. கிழக்குத் திமோரை ஆக்கிரமிச்சு உட்கார்ந்திருந்த இந்தோனேசியா. அங்கே பயன்படுத்த மாட்டோம்னு வாக்குறுதி வாங்கியிருக்கோம்னு பிரிட்டிஷ் அரசு சொல்லிக்கிட்டே இருந்தது. 1996 ஜனவரி 29 ராத்திரி வார்ட்டன் தொழிற்சாலைக்குள் பெண்கள் சுத்தியலோட நுழைஞ்சு, அனுப்பத் தயாரா இருந்த ஒரு ஹாக்கின் மூக்கையும் கருவிகளையும் உடைச்சாங்க. உடைச்சுட்டு ஓடலை. திமோரைப் பத்தின வீடியோ கேசட்டை காக்பிட்டில் வெச்சுட்டு, தாங்களே போன் போட்டுச் சொல்லிப் பிடிபட்டாங்க. சேதம் பதினைஞ்சு லட்சம் பவுண்டுன்னு கணக்கு. லிவர்பூல் கோர்ட்டில் வழக்கு. ஜூலையில் ஜூரி என்ன சொன்னது தெரியுமா? குற்றவாளிகள் இல்லை! பெரிய குற்றத்தைத் தடுக்கத்தான் உடைச்சோம்ங்கிற வாதம் எடுபட்டுச்சு. பன்னிரண்டு சாதாரண ஆட்களுக்கு அந்தப் "பயிற்சி"ங்கிற வார்த்தை புரிஞ்சுபோச்சு. நம்ம எக்ஸ்பர்ட்டுகளுக்குத்தான் இன்னும் புரியலை.

இப்போ நான் பயிற்சி விமானமே வேண்டாம்னு சொல்றதா நினைச்சுடாதீங்க. நேர் எதிர். நம்ம நாட்டில் அது இல்லாததால் செத்த பிள்ளைங்களைப் பத்தி எனக்குத் தெரியும். மெதுவான கிரணில் பழகிட்டு நேரே மிக்-21ல் ஏறினா, சைக்கிள் பழகினவனை லாரியில் ஏத்தின மாதிரி. விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டேன் கமிட்டி, இடையில் ஒரு நல்ல ஜெட் பயிற்சி விமானம் வேணும்னு 1982லேயே சொல்லிட்டது. 66 ஹாக்குக்குக் கையெழுத்து ஆனது 2004 மார்ச்சில். இருபத்திரெண்டு வருஷம்! நடுவில் எத்தனை வீட்டில் தேசியக் கொடி போர்த்தின பெட்டி வந்து இறங்கியது. 2008ல் பீதரில் ஹாக் சேர்ந்தப்போ நான் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன், நம்பினா நம்புங்க. ஆகவே என் கோபம் அந்த மெஷின் மேல் இல்லை. பிள்ளைங்க உயிரைக் காப்பாத்துற ஒரு நல்ல பெயரை, உயிரை எடுக்கிற வேலைக்கு மூடாக்கு ஆக்கிட்டாங்களேங்கிறதுதான் கோபம்.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். எனக்கே கசக்குது.

2007 மார்ச் 26. கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் புலிகளின் விமானம் குண்டு போட்டது. ஸ்லின் 143. செக் நாட்டு நாலு சீட்டு வண்டி. பழகவும் ஊர் சுத்தவும் செஞ்சது. பாகம் பாகமாகக் கடத்திக் கொண்டுபோய் வன்னியில் கோத்து, அடியில் குண்டு கட்டி ராத்திரியில் பறந்தாங்க. அன்னிக்கு நான் குதிச்சேன். "தமிழன் வானம் ஏறினான்"ங்கிற ரேஞ்சில் ஒரு பதிவும் எழுதினேன். விமானப் பைத்தியமும் இனப் பற்றும் ஒண்ணு சேர்ந்தா எப்படி இருக்கும்? பண்டிகைதான். சக பதிவர்களும் சேர்ந்து கொண்டாடினீங்க, மறந்திருக்காது.

எங்கே போனது அன்னிக்கு என் "பயிற்சி விமானத்தில் குண்டு" கோபம்? ராணுவத் தளத்தைத்தானே அடிச்சாங்க, ஊர்ச் சனத்தையா அடிச்சாங்கன்னு சமாதானம் சொல்லலாம். பியாஃப்ராவில் 1969 மே மாசம் ஸ்வீடன் நாட்டு வான் ரோசன், பொம்மை மாதிரி அஞ்சு சின்ன பயிற்சி விமானத்தில் ராக்கெட் கட்டிக்கிட்டு நைஜீரியாவின் தளங்களை அடிச்சாரே, அது மாதிரின்னு சொல்லலாம். எதிரில் நைஜீரியா செக் நாட்டு எல்-29 ஜெட் பயிற்சி விமானத்தால் அடிச்சுக்கிட்டிருந்ததும் உண்மைதான். எளியவன் வலியவனை அடிக்கும் கதை எப்பவும் கேட்க இனிப்பா இருக்கும். ஆனா 2009 பிப்ரவரி 20 ராத்திரி கொழும்பில் அந்த ஸ்லின் போய் மோதினது இறைவரித் திணைக்களக் கட்டடத்தில். நம்ம இன்கம்டாக்ஸ் ஆபீஸ் மாதிரி. உயிர் போச்சு, ஐம்பது பேர் வரைக்கும் காயம். தளத்தை நோக்கிப் போனதுதான் வழியில் விழுந்துச்சு, அது இதுன்னு அப்போ விவாதம் பண்ணினோம். கீழே நின்னவனுக்கு அந்த விவாதமும் பரீட்சையில் வராது. அன்னிக்கு என் பதிவில் ஒரு வரி எழுதலை. இன்னிக்கு எழுதறேன். பதினாறு வருஷத்துக்கும் மேல லேட்.

"அப்போ ரெண்டு பேரும் ஒண்ணா?"ன்னு கேட்பீங்க. இல்லை. ஊரையே வருஷக்கணக்கில் பங்கருக்குள் தள்ளின அரசும், ரெண்டு மூணு விமானம் வெச்சிருந்த இயக்கமும் அளவில் ஒண்ணே இல்லை. ஆனா அளவு வேற, அளவுகோல் வேற. அளவுகோலை நாம மாத்தி மாத்திப் பிடிச்சா, அண்ணன் சொன்ன அந்த வாக்கியத்தைச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லாமப் போயிடும்.

நம்ம அரசியலோட அளவுகோல் இன்னும் தமாஷ். 2012 ஜூலையில் இலங்கை விமானப்படை ஆட்கள் ஒன்பது பேருக்குத் தாம்பரத்தில் பயிற்சின்னு தெரிஞ்சு ஒரே கொந்தளிப்பு. முதல்வர் ஜெயலலிதா கண்டிச்சார், எல்லாக் கட்சியும் கண்டிச்சது. டெல்லி என்ன பண்ணுச்சு? அவங்களை அப்படியே பெங்களூரு எலகங்காவுக்கு மாத்துச்சு. தீர்ந்தது பிரச்சினை! பாலாற்றுக்கு இந்தப் பக்கம் கத்துக்கிட்டா பாவம், அந்தப் பக்கம் கத்துக்கிட்டா படிப்பு. எவன் எங்கே வகுப்பில் உட்கார்றான்னு பார்த்தோமே தவிர, எந்த மெஷினை யார் யாருக்கு விக்கிறான், அது எங்கே பறக்கும்னு ஒருத்தரும் கேட்கலை.

இது பழங்கதைன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் கிழக்கே பாருங்க. மியான்மரில் 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்கு அப்புறம் கிராமங்கள் மேல் பறக்கிற விமானங்களில் ரஷ்யாவின் யாக்-130ம் உண்டு, சீனாவின் கே-8ம் உண்டு. ரெண்டுமே காகிதத்தில் ஜெட் பயிற்சி விமானங்கள். கே-8 சீனாவும் பாகிஸ்தானும் சேர்ந்து செஞ்சது, இலங்கையிடமும் இருக்கு. ஐம்பது வருஷம் முன்னாடி ஜெட் ப்ரோவோஸ்ட் செஞ்ச அதே வேலை, அதே மாதிரி ஆட்கள் மேல்.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதை மறைச்சா நானும் ஜல்லியடிக்கிறவன் ஆயிடுவேன். 2024ல் உக்ரைனில் யாக்-52ன்னு பழைய பயிற்சி விமானத்தில் பின் சீட்டில் ஒருத்தர் துப்பாக்கியோட உட்கார்ந்து, ஊர் மேல் வந்த ட்ரோன்களைச் சுட்டு விழுத்தினாங்க. பார்த்ததும் கை தட்டினேன், இன்னிக்கும் தட்டுவேன். அந்த விமானத்துக்குக் கீழே இருந்த ஜனத்துக்கு அது காவல். பாருங்க, அதே கேள்விதான். கீழே இருக்கிறவன் அதைப் பார்த்து வெளியே வர்றானா, பங்கருக்குள் போறானா?

இதையெல்லாம் இப்போ ஏன் எழுதறேன்னா, இனிமே விக்கிறவங்க வரிசையில் நாமளும் நிக்கப்போறோம். எங்க ஊர்ப் பசங்க வாராவாரம் பஸ் ஏறிப் போகிற பெங்களூரில்தான் எச்.ஏ.எல். எச்.டி.டி-40ங்கிற பயிற்சி விமானம் அங்கே உருவானது. 2023 மார்ச்சில் நம்ம விமானப்படைக்கு 70 விமானம், 6,800 கோடி ரூபாய்க்கு மேல ஒப்பந்தம். சந்தோஷம், வேணும்தான். ஆனா அதில் ஆயுதம் தாங்குகிற வடிவம் செய்யலாம், வெளிநாட்டுக்கு விக்கலாம்னு எச்.ஏ.எல். தரப்பிலேயே பல வருஷமா பேச்சு இருக்கு. ஹாக்கையும் விடலை. ஹாக்-ஐன்னு மாத்தி, 2021 ஜனவரியில் ஒடிசா கடலோரத்தில் ஓடுபாதையை உடைக்கிற குண்டை அதிலிருந்து விட்டுப் பார்த்தாங்க. நம்ம படைக்கு என்ன வேணும்கிறதை அவங்க தீர்மானிக்கட்டும். வெளியே விக்கும்போது?

வெளியே விக்கும்போது பில்லில் "பயிற்சி விமானம்"னு மட்டும் எழுதாதீங்க, இறக்கைக்கு அடியில் எத்தனை கொக்கின்னும் எழுதுங்க. வாங்குறவன் யார் மேல் ஓட்டுவான்னு பார்லிமென்ட்டில் சொல்லுங்க. சொந்த ஜனத்து மேல் ஓட்டினா உதிரி பாகம் நிறுத்துவோம்னு ஒப்பந்தத்தில் போடுங்க. விமானம் உதிரி பாகம் இல்லாம ரொம்ப நாள் பறக்காது, விக்கிறவன் கையில் கடைசி வரைக்கும் இருக்கிற ஒரே கடிவாளம் அதுதான். இத்தாலிக்காரன் 1986ல் அதைச் செஞ்சிருந்தா அண்ணன் இன்னிக்கு யாழ்ப்பாணத்தில் தன் வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டிருந்திருக்கலாம். இருந்திருக்காமலும் போயிருக்கலாம். ஆனா நாளைக்கு எந்த நாட்டு ஊர்லயோ ஏணி மேல் நிக்கிற ஒருத்தர், பெங்களூரில் செஞ்ச விமானத்தின் பெயரைத் தன் பாஷையில் வாய்க்கு வந்த மாதிரி திரிச்சுச் சொல்லி, "எங்க மேலதான் பழகினாங்க"ன்னு சொல்லக் கூடாது.

பையன் அந்த வீடியோவுக்கு அப்புறம் ஒண்ணும் பேசலை. நேத்து சாயங்காலம் பார்த்தா அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ட" மாதிரி பங்கர் ஏன் வெட்டணும்னு கேட்டுக்கிட்டிருந்தான். அவர் பட்டித் தகட்டால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். நேரா வெட்டினா வாசலில் விழுந்த குண்டோட சிதறல் உள்ளுக்குள்ள வந்துடுமாம், வளைச்சு வெட்டினா முட்டி நின்னுடுமாம்.

தரையில அந்தக் கோடு இன்னும் இருக்கு. நாளைக்கு ரெண்டாவது கோட்.